அரைத்தேன், சலித்தேன், அவள் துப்பினாள்

போன வாரம் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்குச் சோப்பு வாங்கப் போனேன். சோப்பு இருந்த இடத்தில் பிஸ்கட் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் இடம் மாற்றி வைக்காவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது போல. சோப்பைத் தேடி அலைந்துகொண்டிருந்த என்னைச் சீருடை போட்ட ஒரு பெண் வழிமறித்து, "சார், வீட்ல பேரக் கொழந்தைங்க இருக்காங்களா?" என்றாள். ஒருவன் இருக்கிறான் என்றேன். அவ்வளவுதான், ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்துவிட்டாள். முளைகட்டிய கேப்பை மாவு. குழந்தையின் முதல் உணவாம். கொண்டை போட்ட ஒரு அம்மாள் பாக்கெட்டின் மேல் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'அம்மாவின் கைப்பக்குவம்.'

எனக்கு வந்ததே எரிச்சல்.

"எந்த அம்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் முழித்தாள். "எல்லா அம்மாவும்தான் சார்."

"எங்க வீட்ல இதப் பண்ணது நான்தாம்மா. ஊற வெச்சது, கட்டி வெச்சது, காய வெச்சது, மில்லுக்குத் தூக்கிகினு போனது எல்லாம் நானு. அப்பாவின் கைப்பக்குவம்னு ஒரு பாக்கெட் இருக்குதா உங்ககிட்ட?"

"சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்த ஒருவரிடம் நகர்ந்துவிட்டாள். நானும் சோப்பு வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். என் மனைவி செல்வி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாக்கெட்டுகிட்டயெல்லாம் சண்ட போட ஆரமிச்சிட்டீங்களா?" என்றாள்.

சண்டை பாக்கெட்டோடு இல்லை. வருகிறவர்கள் முகர்ந்து பார்ப்பதற்கென்று அந்தப் பெண் ஒரு கிண்ணத்தில் மாவைக் கொட்டி வைத்திருந்தாள், அதில்தான் கோளாறு. வறுத்த கேப்பையின் வாசனை தனியாக வந்தால் என் மூக்கு அதை முழு வாசனையாக ஏற்றுக்கொள்வதில்லை. கூடவே, ரேடியோக் கம்பியை ஈயத்தால் பற்றவைக்கிறபோது சால்டரிங் பேஸ்ட் கருகுகிற வாசனையும் வர வேண்டும். என் மூக்கில் இரண்டும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அது எப்படி ஒட்டியது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது நாங்கள் திண்டிவனத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டின் முன்னறைதான் என் கடை. ரேடியோ, டேப் ரெக்கார்டர், மிக்ஸி, எது கெட்டாலும் கொண்டுவருவார்கள். செல்விக்குப் பல வருடம் காத்திருந்து பதிவு மூப்பில் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. கிடைத்தது எங்கே என்றால் மேல்மலையனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். விடிந்ததும் செஞ்சி போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அங்கே இறங்கி இன்னொரு பஸ். திரும்பி வரும்போது பொழுது சாயத் தொடங்கியிருக்கும். எங்கள் மகள் மலர் பிறந்து லீவு முடிந்தவுடன் செல்வி வேலைக்குப் போயாக வேண்டும். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். புருஷன்காரன் வீட்டோடுதானே கடை வைத்திருக்கிறான், சும்மா உட்கார்ந்துதானே ரேடியோவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான்.

சும்மா உட்கார்ந்து! ஒரு கையில் சால்டரிங் அயர்ன், இன்னொரு கையில் குழந்தை என்று யாராவது அரை நாள் இருந்து பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

முதல் ஆறு மாதம் பால்தான் என்பதால் ஒருமாதிரி ஓடிவிட்டது. செல்வி காலையில் கொடுத்துவிட்டுப் போவாள், வந்து கொடுப்பாள், நடுவில் நான் பாலாடையில் புகட்டுவேன். ஆறு மாதம் முடிந்ததும் டாக்டரம்மா, "இனிமே பால் மட்டும் பத்தாது, கஞ்சி ஆரம்பிங்க. கேப்பை நல்லது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை வேலை ஒளிந்துகொண்டிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

செய்தி எப்படியோ ஒலக்கூருக்குப் பறந்துவிட்டது. ஒலக்கூரில் என் அக்காவுக்குச் சொந்த நிலம். மறுநாளே ஒரு பை நிறையக் கேப்பையோடு அக்கா வந்து இறங்கினாள். குழந்தையைத் தூக்கிப் பார்த்தவுடன் முதல் வார்த்தை, "இன்னாடா இது, கொழந்த இப்பிடி வத்திப் போயிக்கீது?"

"நல்லாத்தாங்கா இருக்கா."

"நீ ரேடியோவப் பாரு. கொழந்தையப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அப்படிச் சொன்னவள் குழந்தையின் சாப்பாட்டை என் தலையிலேயே கட்டிவிட்டுப் போனாள். கல் பொறுக்கணும், தண்ணி தெளிகிற வரை கழுவணும், ராவெல்லாம் ஊற வைக்கணும், வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடணும், முளை வந்ததும் நிழலில் காய வைக்கணும், வெயிலில் போடக் கூடாது, வாசம் வருகிற மட்டும் வறுக்கணும், கருகக் கூடாது, மில்லில் அரைச்சு மெல்லிசு துணியில் சலிக்கணும். "இவ்ளோதான்டா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி பஸ் ஏறிவிட்டாள்.

வெள்ளைத் துணி என்று வீட்டில் இருந்தது என் கல்யாண வேட்டி ஒன்றுதான். அதைக் கிழித்து மூட்டை கட்டி, கடையில் மின்விசிறி கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். சொட்டுச் சொட்டாகப் பழுப்புத் தண்ணீர் வடிந்து, கீழே பழுதுக்கு வந்திருந்த ஒரு டேப் ரெக்கார்டருக்குள் இறங்கியது. ஏற்கெனவே பாடாத பெட்டி, இனிமேல் எங்கே பாடப் போகிறது. மாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் காய வைக்கப் போனால் வீட்டுக்காரம்மாள் தன் வடாம் காய்கிற இடத்தில் ஒரு தானியமும் விழக் கூடாது என்று கோடு கிழித்துவிட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் அணில். அணிலை விரட்டிவிட்டு உட்கார்ந்தால் மழை. மழைக்கு அள்ளிக்கொண்டு ஓடி வந்து வீட்டுக்குள் விரித்தால் எறும்பு. குழந்தைக்கு ஒரு கைப்பிடி மாவு செய்ய இந்தப் பாடு என்றால் ஊருக்கெல்லாம் விளைவித்துப் போடுகிறவர்கள் எப்படித்தான் பொறுமையாக இருக்கிறார்களோ.

இதில் கடைக்கு வருகிறவர்களின் யோசனை வேறு. கூட்டேரிப்பட்டிலிருந்து ஒருவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருவார், நான் கேப்பை வறுப்பதைப் பார்ப்பார், ரேடியோவை மறந்துவிடுவார். "ஒரு கை மல்லாட்டைய வறுத்துப் போடு, கொழந்த கொழுகொழுன்னு ஆயிடும்." வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். அவர் போனவுடன் இன்னொருவர். "மல்லாட்டையா? அய்யய்யோ, ஆவவே ஆவாது. பொட்டுக்கடல போடு." மூன்றாவது ஆள், கேப்பையே சூடு என்பார். கஞ்சியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரே ஒரு மனிதன் ரேடியோ கொண்டுவர மாட்டானா என்று ஏங்கிப் போனேன். இவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒரு பக்கம் வறுப்பேன், ஒரு பக்கம் சால்டர் வைப்பேன். அந்த இரண்டு வாசனையும் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

அடுத்தது மில். எங்கள் தெருக் கோடியில் ஒரு பாய் மாவு மில் வைத்திருந்தார். தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக, புருவத்தில்கூட மாவு படிந்திருக்கும். நல்ல மனிதர், ஆனால் எப்போதும் ஒரு அவசரம். குழந்தைக்கான மாவு என்றால் காலையில் மில் திறந்தவுடன் முதல் ஆளாகப் போக வேண்டும், மிளகாயும் மல்லியும் அரைபடுவதற்கு முன்னால். முதல் தடவை அப்படித்தான் போனேன், அரைத்தேன், வந்து துணியில் சலித்தேன். மூக்கு, மீசை எல்லாம் கேப்பை. பாலும் இல்லாமல் வெறும் தண்ணீரில் கட்டி தட்டாமல் காய்ச்சி, ஆற்றி, ஸ்பூனில் எடுத்து, என் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய சாதனையைச் செய்துவிட்டவன் போல மலரின் வாயில் வைத்தேன்.

துப்பினாள்.

சரி, முதல் நாள்தானே என்று விட்டேன். மறுநாளும் துப்பினாள். வாயில் வைத்தவுடன் உடனே துப்பமாட்டாள், அதுதான் கொடுமை. சிறிது நேரம் உள்ளேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். விழுங்கப் போகிறாள், விழுங்கப் போகிறாள் என்று நானும் வாயைத் திறந்துகொண்டு பார்ப்பேன். அப்புறம் நாக்கை நீட்டி அப்படியே வெளியே தள்ளிவிட்டுச் சிரிப்பாள். தளர்த்திக் காய்ச்சிப் பார்த்தேன், இறுக்கிக் காய்ச்சிப் பார்த்தேன். காக்கா காட்டினேன். ரேடியோ போட்டேன். பாட்டுப் பாடுகிறபோது வாயைத் திறப்பாள், செய்தி வந்தால் மூடிக்கொள்வாள் என்று கண்டுபிடித்து, பாட்டு வருகிற நேரமாகப் பார்த்துக் காய்ச்சினேன். பாட்டைக் கேட்டுக்கொண்டே துப்பினாள்.

செல்விக்கு இதில் நம்பிக்கையே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே ஒருநாள் கடையில் விற்கும் டப்பா பவுடர் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். "சுடுதண்ணி ஊத்தினா போதும். எதுக்குங்க இந்த வேட்டி, மில்லு, அணிலு எல்லாம்?" அன்றைக்கென்று பார்த்து அக்கா வந்திருந்தாள்.

"ஏன் செல்வி, எங்க நெலத்துக் கேப்ப உம் பொண்ணுக்கு ஆவாதா?"

"நான் அப்பிடிச் சொன்னனா அண்ணி? அவ அத முழுங்கவே மாட்டறா."

"டப்பாக்குள்ள இன்னா கீதுன்னு யாருக்குத் தெரியும்? இதுல இன்னா கீதுன்னு எனக்குத் தெரியும். நான் நட்டது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு ரேடியோவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டேன். மலர் டப்பா பவுடரையும் துப்பினாள் என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த விஷயத்தில் அவள் யார் பக்கமும் சாயவில்லை.

இரண்டாவது தடவை மாவு தீர்ந்தபோதுதான் வினை வந்தது. காலையில் கரண்ட் இல்லை. பாய், கரண்ட் வந்ததும் வா என்று சொல்லியனுப்பினார். நான் போவதற்குள் ஒரு கல்யாண வீட்டு மிளகாய் மூட்டை வந்து அரைபட்டுவிட்டது. மில்லுக்குள் நுழையும்போதே தும்மல்.

"பாய், மொளகா நெடி அடிக்குதே?"

"அரிசி போட்டு ஓட்டிட்டேன் ரேடியோக்காரே, மிஷினு சுத்தமா கீது. பேஜாரு பண்ணாத, ஜல்தி குடு, மறுபடியும் கரண்டு போயிடும்."

அவர் சொன்னது உண்மைதான், அரிசி போட்டு ஓட்டியதை நானே பார்த்தேன். வீட்டுக்கு வந்து காய்ச்சி நாக்கில் வைத்தும் பார்த்தேன். காரம் தெரியவில்லை. மூன்று வேளையும் காரக்குழம்பில் ஊறிய நாக்குக்கு என்ன தெரியும்?

அன்றைக்குத்தான், என் போதாத காலம், மலர் தானாகவே வாயைத் திறந்தாள். நான் ஸ்பூனை நீட்டுவதற்கு முன்பே திறந்தாள். அதற்காகவே காத்திருந்தவன், சந்தோஷத்தில் ஸ்பூன் நிறைய வைத்துவிட்டேன். முதலில் அவள் கண் பெரிதாகியது. அப்புறம் முகம் சிவந்தது. அப்புறம் கேட்ட சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. தண்ணீர் புகட்டினேன், துணியை நனைத்து நாக்கைத் துடைத்தேன், தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். பயப்பட ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்றார். எரிச்சல் அடங்கிவிட்டது. வாய் மட்டும் அதற்கப்புறம் திறக்கவில்லை.

ஸ்பூனைக் கண்டாலே உதட்டை உள்ளே இழுத்துப் பூட்டிக்கொண்டாள். பாலாடையும் ஸ்பூன் மாதிரி இருந்ததால் அதற்கும் அதே பூட்டு. பகல் முழுக்கத் துணியில் நனைத்துச் சொட்டு விட்டுத்தான் பால் உள்ளே போனது. பாய் விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து, "எம் பொண்ணு மேல சத்தியமா அரிசி போட்டு ஓட்டினேன்பா" என்று வாசலில் நின்று கண்கலங்கினார். செல்வி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை எழுதினால் இந்தக் கட்டுரையை அவள் படிக்கும்போது மறுபடியும் ஆரம்பிக்கும்.

அடுத்த தடவை எடை பார்த்தபோது முள் நகரவே இல்லை. டாக்டரம்மா முன்பு போலச் சாதாரணமாகப் பேசவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், ஏறாவிட்டால் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம் என்றார். செல்வி வீட்டுக்குள் வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள், "வர்ற அமாவாச வரைக்கும் பாக்கறேன். அப்புறம் வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"எத்தினி வருஷம் காத்துகினு இருந்த வேலை?"

"கொழந்தைய விடவா?"

என் ரேடியோ கடை வருமானத்தில் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் நின்றுகொண்டே நோட்டுத் திருத்துகிறவள் அவள்.

அமாவாசையும் வந்தது. மேல்மலையனூர் அமாவாசை எப்படியிருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மதியத்திலிருந்தே ஊரில் உள்ள பஸ்ஸெல்லாம் அங்காளம்மன் கோயிலைப் பார்த்துத்தான் ஓடும். அந்தக் கூட்டத்தின் நடுவில் எதிர்த்திசையில் வீட்டுக்கு வர வேண்டியவர்கள் பாடு திண்டாட்டம். அன்றைக்குச் செல்வி வர நேரமாகும் என்பது எனக்குக் காலையிலேயே தெரியும். மலருக்குத் தெரியாது. சாயங்காலம் ஆக ஆக அவள் அழ ஆரம்பித்தாள். துணியையும் துப்பிவிட்டாள். தோளில் போட்டுக்கொண்டு கடைக்கும் சமையலறைக்கும் நடந்தேன். கஞ்சி காய்ச்சி வைத்திருந்தேன், கிண்ணத்தைக் கண்டவுடன் இன்னும் உரக்க அழுதாள். அழுது அழுது குரல் கம்மி, சத்தம் வராமல் வாய் மட்டும் கோணிக்கொண்டு வந்தபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. பழுதுபட்ட பெட்டி என்றால் திறந்து பார்க்கலாம். இதை எங்கே திறப்பது?

பக்கத்து வீட்டில் ஒரு நயினார் குடும்பம். அவர் மல்லாட்டை வியாபாரம், செஞ்சிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி பத்மாவுக்கு என் மனைவி வயதுதான் இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். நயினார் என்றால் தமிழ் ஜைனர், இருட்டிய பிறகு சாப்பிட மாட்டார்கள். அதனால் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் வீட்டுக்கு யாரும் போவதில்லை, அவர்களும் வெளியே வருவதில்லை. அன்றைக்கு பத்மா கையில் கரண்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பரிதாபமெல்லாம் முகத்தில் இல்லை, கோபம்தான்.

"அண்ணே, கொழந்தைய இப்பிடிக் குடுங்க. எங்க வீட்ல யாராலயும் நிம்மதியா ஒக்காந்து சாப்புட முடியல."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மலரை என் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். கூடத்தில் நயினாரும் இரண்டு பெண்களும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பத்மா மலரை ஒரு தலையணையில் சாய்த்துத் தரையில் அவர்கள் நடுவில் உட்கார வைத்தாள். வைத்துவிட்டு, அவள் பக்கமே திரும்பாமல் பரிமாறப் போய்விட்டாள்.

அதுதான் எனக்கு அதிர்ச்சி. யாருமே அவளைப் பார்க்கவில்லை. காக்கா காட்டவில்லை, பாட்டுப் பாடவில்லை, வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அவரவர் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்கள். சின்னப் பெண் கூட்டு வேண்டாமென்று அடம் பிடித்து அதட்டு வாங்கினாள். நயினார் அன்றைய மல்லாட்டை ஈரம் என்று யாரையோ திட்டினார். மலரின் அழுகை மெதுவாக நின்றது. ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். பெரிய பெண்ணின் கை தட்டிலிருந்து வாய்க்குப் போகும்போது இவள் தலையும் கூடவே போனது.

"கஞ்சி வெச்சிருக்கீங்களா?" என்று பத்மா திரும்பாமலே கேட்டாள்.

ஓடிப்போய் எடுத்து வந்தேன். அது நன்றாக ஆறி, அல்வா மாதிரி இறுகிப் போயிருந்தது. பத்மா அதை ஒரு சின்னத் தட்டில் கொட்டி மலரின் முன்னால் வைத்துவிட்டு, "ஸ்பூன உள்ள வையிங்க முதல்ல" என்று என்னை அதட்டினாள். நான் ஸ்பூனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மலர் தட்டைப் பார்த்தாள். பெரிய பெண்ணைப் பார்த்தாள். அப்புறம் ஐந்து விரலையும் அப்படியே கஞ்சிக்குள் அழுத்தினாள். அழுத்திய கை வாய்க்குப் போனது. போன கையில் பாதி மூக்கில், பாதி கன்னத்தில், மீதி நிஜமாகவே உள்ளே. நான் துப்பலுக்குக் காத்திருந்தேன். தொண்டை அசைந்தது. மறுபடியும் கை தட்டுக்குப் போனது.

நயினார்தான் மெதுவாகச் சொன்னார், "பாக்காதீங்க. பாத்தா நிறுத்திடும். இப்பிடி வந்து ஒக்காந்து நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க."

உட்கார்ந்தேன். பத்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அவர்கள் எழுந்து கை கழுவி, கூடத்தில் விளக்குப் போட்ட பிறகுதான் செல்வி வந்தாள். எங்கள் வீடு திறந்து கிடப்பதையும் உள்ளே யாரும் இல்லாததையும் பார்த்துப் பயந்து அங்கே ஓடி வந்திருக்கிறாள். தலை கலைந்து, பால் கட்டி ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள். மலர் புருவத்திலும் முடியிலும் கேப்பை அப்பிக்கொண்டு, காலியான தட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்தும் உடனே தாவவில்லை. ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் தட்டைத் தட்டினாள்.

"சாப்ட்டாளா?" என்று செல்வி என்னைக் கேட்டாள்.

"தானா சாப்ட்டா."

செல்வி அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அங்க பஸ்ஸு பஸ்ஸா அழுதுகினு நிக்கறேன். இவ இங்க பந்தியில ஒக்காந்துகினு இருக்கா." சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பத்மா மலரின் முகத்தைத் துடைத்து செல்வியின் மடியில் வைத்தாள். அதற்கப்புறம்தான் மலருக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்த கஞ்சியை செல்வி விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் காய்ச்சியிருக்கீங்க" என்றாள். அத்தனை மாதத்தில் என் கஞ்சிக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அமாவாசைக் கெடுவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மறுநாள் வழக்கம் போல செஞ்சி பஸ்ஸைப் பிடித்துப் போனாள்.

அப்புறம் தினமும் சாயங்காலம் நானும் மலரும் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனோம். இவ்வளவு பாடுபட்டதற்கு மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதுதான் என் வேலையாகிவிட்டது. எடை ஏறியது. ஏறியவுடன் எல்லாரும் வந்துவிட்டார்கள். எங்க நெலத்துக் கேப்படா அது, என்றாள் அக்கா. மிஷினுக்குப் புதுக் கல்லு போட்டேன்ல, அதான், என்றார் பாய். என் கேப்பை மாவில் ஒரு கரண்டி டப்பா பவுடரைக் கலந்து வைத்துவிட்டுப் போயிருந்ததாகச் செல்வி ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். அதை அக்காவிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. பத்மா மட்டும் எதையும் சொந்தம் கொண்டாடவில்லை. "தெனமும் கூடத்தக் கழுவறது யாரு?" என்பதுதான் அவள் கேட்ட ஒரே கேள்வி.

செல்விக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் கிடைத்தபோது நாங்கள் திண்டிவனத்தை விட்டு வந்தோம். ரேடியோவைப் பழுது பார்க்கச் சொல்பவர்கள் நின்று போனார்கள், நானும் வேறு வேலைக்குப் போனேன். சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் போனவன் அந்தத் தெருவுக்குள் நுழைந்து பார்த்தேன். மில் இருந்த இடம் வண்டி நிறுத்துமிடமாகிவிட்டது. பாய் காலமாகிவிட்டார். எங்கள் வீட்டையும் நயினார் வீட்டையும் இடித்து ஒன்றாகச் சேர்த்து செல்போன் கடை கட்டியிருக்கிறார்கள். வெளியே கண்ணாடி, உள்ளே குளிர். வாங்க சார், என்ன பார்க்கறீங்க என்று கேட்டார்கள். எதைச் சொல்வது?

அங்கே விசாரித்து நம்பர் வாங்கித்தான் பத்மாவிடம் பேசினேன். நயினார் போய்ச் சேர்ந்துவிட்டாராம். அவள் இப்போது சென்னையில் பெரிய பெண் வீட்டில், மாடிக் குடியிருப்பில். மலருக்குக் குழந்தை பிறந்திருப்பதைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். இன்னமும் பொழுதோடுதான் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன்.

"நான் மட்டும்ணே. இவங்கள்லாம் வேலைலேர்ந்து வந்து, ஆளுக்கு ஒரு நேரம், ஆளுக்கு ஒரு ரூமு. நான் ஒத்தையா ஒக்காந்து சாப்ட்டு முடிச்சிடுவேன்."

அப்புறம் பழைய கோபத்தோடு சொன்னாள்.

"பொழுது எறங்கறதுகூட இங்க தெரியறதில்லண்ணே. எதுத்தாப்புல பெரிசா கட்டிட்டான். கடிகாரத்தப் பாத்துத்தான் சாப்புடறேன்."